அப்பா அரைத்த சாமை

அன்றைக்கு ஆயுத பூஜை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, ராஜபாளையத்தில் இறங்கி, எங்கள் தெருவுக்குள் நுழையும்போதே சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறியது. வீட்டுக்கு வீடு சைக்கிளைக் கழுவி, மட்கார்டில் சந்தனம் வைத்து, ஹேண்டில்பாரில் பூச்சுற்றி நிறுத்தியிருந்தார்கள். மில்கள் நிறைந்த ஊரில் தீபாவளியைவிட இந்தப் பண்டிகைக்குத்தான் மவுசு. திருகாணி முதல் லாரி வரை எல்லாவற்றுக்கும் அன்றைக்கு ஒரு பொட்டு உண்டு.

எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் பலகை போட்டு, அதன்மேல் வாழையிலை விரித்திருந்தது. ஒரு பக்கம் அப்பாவின் ஸ்பேனர்கள், பெரிசிலிருந்து சிறிசு வரை வரிசையாக இருந்தன. அப்பா ஒரு நூல் மில்லில் பிட்டர். மறுபக்கம் அம்மாவின் அரிவாள்மனையும் கத்தரிக்கோலும், வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத மிக்ஸியும். முன்னால் பொரி, கடலை, உடைத்த தேங்காய்.

நடுவில், வழக்கமாக அப்பாவின் ஸ்பேனர் பெட்டி இருக்கும் இடத்தில், என் கல் உட்கார்ந்திருந்தது. ஈரம் காயாமல் பளபளவென்று இருந்தது. மூன்று கோடு விபூதி, அதற்குமேல் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். கழுத்து இல்லாததால் மல்லிகைச் சரத்தைத் தலையிலேயே சுற்றியிருந்தார்கள்.

ஆயிரக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கவிழ்ந்து கிடந்த கல் அது. அதன் மேல் ஒட்டியிருந்த மண்ணை ஒரு விரல்கூடத் தொடக்கூடாது என்று அந்த மண்ணோடே துணியில் சுற்றி, சாக்கில் கட்டி, பத்திரமாக வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

அப்பா இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் சூடத்தட்டோடு நின்றார்.

"எப்படிலே இருக்கு?" என்று கேட்டார்.

என் வேலையைப் பற்றி அவர் ஆசையாகக் கேட்ட முதல் கேள்வி அது. அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. எது முந்தி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

"நல்லாருக்குப்பா" என்றேன்.

கல்லைக் கழுவாதே

போன வாரம் கூமாப்பட்டி ஓடைக்கரையில் தேனீக்கள் எங்களை விரட்டிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "அந்தத் தேனீக்கடி எல்லாம் ஒரு அம்மிக்காகவா? அம்மியில் ஆராய என்ன இருக்கிறது, அரைப்பதற்குத்தானே அம்மி?" என்று கேட்டிருக்கிறார்.

அவர் கேட்டது நியாயம். எங்கள் கேள்வி அதற்கு அடுத்தது. எதை அரைத்தார்கள்? சாப்பிடவா, பூசிக்கொள்ளவா? மருந்தா, சாயமா? அந்தக் காலத்து மனிதர் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. பானையும் இல்லை, ஊரும் இல்லை. மலையடிவாரத்தில் ஒரு மேடும், நகத்தளவு கல்கத்திகளும், இந்த மாதிரி நடுக்குழிந்த அரைகல் ஒன்றும்தான் மிச்சம்.

இப்படிப்பட்ட கல் இரண்டு விதமாகச் சாட்சி சொல்லும். முதலாவது, அதில் ஒட்டியிருப்பது. தானியத்தை அரைத்தால் கண்ணுக்குத் தெரியாத மாவுத்துகள்கள் கல்லின் பொடிக்குழிகளுக்குள் போய்ப் புகுந்துகொள்ளும். குழிக்குள் சொட்டுத் தண்ணீர் விட்டு, உறிஞ்சி எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மனிதர்களைப் போலவே ஒவ்வொரு தானியத்தின் துகளுக்கும் ஒரு முகச்சாடை உண்டு. அரிசி, சாமை, கிழங்கு என்று பழகிய கண்ணுக்கு அடையாளம் தெரியும்.

இரண்டாவது, தேய்மானம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அன்றைக்கு நான் நம்பியிருந்தது முதல் சாட்சியைத்தான்.

சாட்சியைக் கெடுப்பதில் நாங்களும் சளைத்தவர்கள் இல்லை. ஆரம்பத்தில் மண்ணுக்குள்ளிருந்து எது வந்தாலும் வாளித் தண்ணீரில் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வைப்போம். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். விவசாயிகள் கொண்டுவந்து கொடுத்த கற்களோ மாட்டுத் தொட்டியிலும் துணி துவைக்கும் இடத்திலும் ஒரு ஆயுள் முடித்தவை. என் பேராசிரியைதான் முதலில் வாளியைக் கவிழ்த்தார்.

மதுரைக்காரர். குள்ளமான உருவம். வெயிலுக்கு ஆண்கள் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு மேட்டில் நிற்பார். மேடம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அரைகல் கிடைத்தால் கழுவக்கூடாது, வெறுங்கையால் தொடக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அதற்குப் பிறகு கிடைத்த முதல் கல்தான் எங்கள் வீட்டில் குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முகம் கீழே இருக்கக் கவிழ்ந்து கிடந்ததால் மழையும் வேரும் அதை அவ்வளவாகத் தொடவில்லை. மேடம் அன்றைக்கு மேட்டிலேயே கைதட்டினார்.

முறுக்குக்குத் தடை

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்திருந்தோம். அதுதான் எங்கள் முகாம். ஒரு அறையில் கற்கள், ஒரு அறையில் நுண்ணோக்கி, மொட்டை மாடியில் படுக்கை.

நுண்ணோக்கி அறைக்குள் முறுக்கு, வடை, தோசை எதற்கும் அனுமதி இல்லை. மாவுத்துகள் ஒட்டிய விரலோடு போய்க் கல்லைத் தொட்டால், ஆதிமனிதன் உளுந்தவடை சுட்டான் என்று கட்டுரை எழுத வேண்டி வரும். பால்கோவாவில் மாவு கிடையாது, அதனால் பால்கோவா தின்னலாம். ஆனால் மேடம் எதையும் வாய்வார்த்தையில் நம்புகிறவர் இல்லை. புதுக்கடையிலிருந்து வாங்கி வந்தால் ஒரு துளியைக் கண்ணாடியில் வைத்து, "மாவு கலக்கலை, சாப்பிடலாம்" என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் பொட்டலம் எங்கள் கைக்கு வரும்.

"புதையல் கிடைச்சுதா தம்பி?" என்று கேட்காத ஆள் அந்தத் தெருவில் இல்லை. கிடைத்தது என்று சொன்னால் வம்பு, கிடைக்கவில்லை என்றால் கேலி. நான் அம்மியைக் காட்டுவேன். அதற்குப் பிறகு அவர்கள் என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். பாவம், நன்றாகப் படித்த பிள்ளை என்பது மாதிரி.

என் அப்பாவின் பார்வையும் அதுதான்.

ஒரு பேச்சு

ஆலங்குளத்துச் சிமெண்ட் ஆலையில் எனக்கு ஒரு வேலை தேறும் போலிருந்தது. அப்பா யார் யாரையோ பார்த்து ஏற்பாடு செய்திருந்தார். நான் போகவில்லை. அப்பாவுக்கு எங்கள் பேட்டையிலேயே அது பெரிய தலைகுனிவு. கோபத்தில் கத்துகிற ஆள் அவர் இல்லை, பேச்சை நிறுத்துகிற ஆள். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "அவனுக்கு இன்னொரு கரண்டி வையி" என்று அம்மா வழியாகத்தான் என்னிடம் பேசுவார்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால், ஒருநாள் நேராகவே பேசினார்.

"ஏலே, ஒம்மனசுல என்னதான் இருக்கு?"

"எங்களுக்குக் கிடைச்ச கல்லுல எதை அரைச்சாங்கன்னு நிரூபிச்சுட்டா என் ஆராய்ச்சி நிலைச்சிரும்ப்பா. அது மேல சிவப்பா ஒரு கறை இருக்கு. சாயத்துக்குக் காவிக்கல்லை அரைச்ச கல்லுன்னு சிலபேரு சொல்லுதாங்க. தானியம் அரைச்சதுன்னு நான் சொல்லுதேன்."

"அது எப்பம் தெரியும்?"

"தீபாவளிக்குள்ள."

"சரி. தீபாவளிக்குள்ள கல்லு பேசுச்சுன்னா நீ ஒம்போக்குல போ. பேசலேன்னா ஆலங்குளத்துக்குப் போயிரணும். அந்த வேலைய அதுவரைக்கும் நிப்பாட்டி வைக்கச் சொல்லுதேன்."

நானும் ஒப்புக்கொண்டேன். என் மொத்த எதிர்காலமும் அந்தக் கல்லின் பொடிக்குழிகளுக்குள் இருந்தது.

பூஜை விடுமுறைக்கு மேடம் மதுரை போனார். முகாம் மாடி மழைக்கு ஒழுகியது. அதனால்தான் கல்லை ராஜபாளையத்துக்குத் தூக்கி வந்தேன். அம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன், யாரும் தொடக்கூடாது என்று. அம்மா பாத்திரம் கழுவ வரும் பெண்ணிடம் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை எச்சரித்தாள். சாக்குக்குமேல் ஒரு நாற்காலியைக்கூடக் கவிழ்த்து வைத்தாள்.

அப்பாவிடம் மட்டும் யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

"என்னைக்கு அவிய உன் சாமானை ஏறெடுத்துப் பார்த்திருக்காவ, இன்னைக்கு மட்டும் எடுப்பாவன்னு நான் எப்படிலே நினைப்பேன்?" என்று பிறகு அம்மா கேட்டாள். அவள் பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போன நேரத்தில் காரியம் முடிந்திருந்தது.

புளி, நார், குச்சி

பூஜை முடிந்து பொரி தின்றுகொண்டே அப்பா தன் கைவேலையை விவரித்தார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டது அபூர்வம்.

"அம்புட்டு அழுக்கோடயா சாமிட்ட வைக்க? தொழில் சாமான்லா. முதல்ல புளியப் போட்டு ஊற வச்சேன். மண்ணு லேசுல போகல. தேங்கா நாரப் போட்டு ஒரு அழுத்து. பொறவு பார்த்தா அந்தச் சின்னச் சின்னக் குழிக்குள்ள எல்லாம் அடைஞ்சு கிடக்கு. ஒரு ஈக்குச்சிய விட்டு ஒண்ணு விடாம நோண்டி எடுத்துட்டேன்."

ஒவ்வொரு குழியும் என் சாட்சிக்கூண்டு. ஈக்குச்சி அத்தனையையும் காலி செய்திருந்தது. போதாக்குறைக்குச் சிவப்புக் கறை இருந்த இடத்தில் இப்போது குங்குமம் ஊறியிருந்தது. காவியா, குங்குமமா என்று அந்தக் கல்லைப் பெற்ற மலையாலும் சொல்ல முடியாது.

  ஊரெல்லாம் சிரித்த ஒரு வேலையை, தன் ஸ்பேனருக்குப் பக்கத்தில், தன் ஸ்பேனரின் இடத்திலேயே வைத்துச் சூடம் காட்டியவரிடம் என்னவென்று கோபப்படுவது? எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. தீபாவளிக்குப் பிறகு ஆலங்குளம் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்க வேண்டும் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

அம்மாதான் சாயங்காலம் அப்பாவிடம் உடைத்துச் சொன்னாள். அப்பா எழுந்து போய்ச் சாக்கைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், கழுவிய இடத்தில் தண்ணீர் ஓடிய தடத்தைப் பார்த்தார். அந்த மண்ணைத் திரும்ப அள்ளி ஒட்டிவிடலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது.

விஷயம் எதிர்க்கடை காஜா பாய்க்குப் போக ஒரு பீடி பற்ற வைக்கிற நேரம்கூட ஆகவில்லை. பலசரக்குக் கடை வைத்திருந்த அவருக்கு எங்கள் வீட்டில் என்ன நடந்தாலும் முதல் தகவல் போய்விடும்.

"அண்ணே, கல்லு பேசாட்டி மகன் ஆலங்குளம் போவான்னு பேச்சு. இப்பக் கல்லு வாயவே நீங்க கழுவிட்டிய. வேணும்னே செஞ்சியளோ?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. பீடி வாங்கப் போனவர் வாங்காமல் திரும்பி வந்துவிட்டார்.

அவர் மேடத்தைப் பார்க்க என்னோடு கிளம்பியது அந்த ஒரு கேள்வியால்தான்.

கழுவியவரின் வாக்குமூலம்

மேடம் மதுரையிலிருந்து திரும்பிய அன்றே இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். மாடிப்படி ஏறி, நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"நாந்தாம்மா கழுவினேன். இவன் மேல தப்பில்ல. இவனைத் திட்டாதிய."

மேடம் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மல்லிகையின் ஒரு இதழ் இன்னும் ஓரத்தில் ஒட்டியிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"ஐயா, கல்லைக் கழுவிட்டு வந்து நின்னவங்களை நிறையப் பார்த்திருக்கேன். கழுவிட்டுப் பூவும் வச்சவரை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார். சொல்லிவிட்டு அப்படிச் சிரித்தார், கீழ்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சிரித்து முடித்த பிறகு மேடம் சொன்னது எனக்கு இன்றும் மனப்பாடம்.

"ஒட்டியிருந்தது போயிடுச்சு. அது இனி வராது. ஆனா தேய்ஞ்சது எங்கேயும் போகாது. புளி போட்டாலும் போகாது."

பிறகு சொல்கிறேன் என்றேனே, அந்த இரண்டாவது சாட்சி இதுதான். தானியத்தை அரைத்தால் கல்லின் மேடுகள் மட்டமாகித் தட்டையாகும், ஓரங்கள் மழுங்கும், மெல்லிய மினுமினுப்பு ஏறும். காவிக்கல்லை அரைத்தால் கல்லும் கல்லும் மோதி, கோடு கோடாகக் கீறல் விழும். கையால் தடவினால் தெரியாது. லென்சுக்கு அடியில் பார்த்தால் மொட்டைத் தலைக்கும் பரட்டைத் தலைக்கும் உள்ள வித்தியாசம்.

"ஆனா ஒண்ணு. ஒப்பிட்டுக் காட்டணும். அதே ஓடைக் கல்லுல புதுசா ரெண்டு எடுத்து, ஒண்ணுல சாமை மட்டும், இன்னொண்ணுல காவி மட்டும் அரைக்கணும். கொஞ்ச நஞ்சமில்லை, கல்லு தேயுற வரைக்கும். ஆள் மாறக்கூடாது. தீபாவளிக்குள்ள முடியுமா?"

"சாமைய நான் அரைக்கேன்" என்றார் அப்பா.

மேடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அதுவரை தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தானாக எடுத்துக் குடித்தவர் இல்லை அப்பா.

தெரு பார்த்த வேடிக்கை

பின்வாசல் தாழ்வாரத்தில் இரண்டு கற்களையும் போட்டோம். குழவி நீளவாக்கில், இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுப்பது. அப்பாவுக்குச் சாமை, எனக்குக் காவி. ஷிப்ட் முடிந்து வந்ததும் காப்பியைக் குடித்துவிட்டு நேராகக் கல்லுக்குப் போய்விடுவார்.

அம்மாவிடம் கொஞ்ச நேரம் கைகொடுக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். ஆள் மாறக்கூடாது என்பது சட்டம்தான், இருந்தாலும் கை கொப்புளித்த ஆத்திரம்.

"நான் கல்யாணமான நாள்லேருந்து அரைச்சாச்சு. மிக்ஸி வாங்குனதே இனி அரைக்கக் கூடாதுன்னுதான். அப்பனும் மகனும் அரைங்க, நான் செத்த நேரம் உக்காந்து பார்க்கேன்" என்றாள். நாற்காலியைக் கொண்டுவந்து எதிரே போட்டுக்கொண்டாள். செத்த நேரம் என்பது தினமும் விளக்கு வைக்கும் வரை நீண்டது. அந்த நாட்களில் அவள் முகத்தில் இருந்த களையை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

தெருப் பெண்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். உப்புக் கடன் கேட்க, முருங்கைக்கீரை கொடுக்க என்று ஆளுக்கொரு சாக்கு. கண் மட்டும் தாழ்வாரத்தில். "அண்ணனுக்குக் குழவி பிடிக்கத் தெரியலையே மைனி" என்று ஒருத்தி அம்மாவிடம் சொல்ல, "இப்பத்தான பழகுதாவ" என்று அம்மா விட்டுக்கொடுக்காமல் பேசினாள்.

என் உடம்பெல்லாம் காவி. தும்மினால் சிவப்பு. அப்பாவின் மீசையில் சாமை மாவு. அவரைப் பார்த்து நானும் என்னைப் பார்த்து அவரும் ஒருநாள் சேர்ந்து சிரித்தோம். அம்மா வழியாகப் பேசுவது அன்றோடு நின்றது.

அரைத்த மாவை வீணாக்குவானேன் என்று அம்மா அதில் புட்டு அவித்தாள். வாயில் வைத்தால் நறநற. கல்லும் கூடவே தேய்ந்து மாவில் சேர்ந்திருந்தது. ஆதிமனிதர்களின் பற்கள் மட்டமாகத் தேய்ந்திருப்பதற்கு இப்படி மாவோடு வரும் கல்தூளும் ஒரு காரணம். அப்பா ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். அந்தப் புட்டைப் பற்றி எங்கள் ஊர்ப் பல் டாக்டரிடம் சொன்னபோது அவருக்கு ஏக குஷி. பல்செட்டுக்கு அச்சு எடுக்கும் பசையால்தான் நாங்கள் கல்லின் முகத்தை அச்செடுப்போம். மனிதப் பல்லையே பார்த்துச் சலித்தவர், எங்கள் கல்லை நாற்காலியில் உட்கார வைத்து, விளக்கைத் திருப்பி, வாயைத் திற என்று சொல்லாத குறையாக அச்செடுத்துக் கொடுத்தார்.

சாமை எல்லாம் காஜா பாய் கடைச் சரக்கு. ஒருநாள் மூட்டையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு அவரும் செத்த நேரம் நின்று பார்த்தார்.

"அண்ணே, தப்பா நினைச்சுக்கிடாதிய. மகன் தோத்தா உங்களுக்குத்தான நல்லது. நீங்களே உக்காந்து இம்புட்டு அரைக்கியளே?"

அப்பா குழவியை நிறுத்தினார்.

"தோத்தா அவனாத் தோக்கணும் பாய். நான் கழுவித் தோத்தான்னு இருக்கக் கூடாது."

காஜா பாய் அன்றைக்குச் சாமையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாகவே அளந்தார்.

இரண்டு கற்களும் மூன்றாவது கல்லும்

தீபாவளிக்குத் துணி எடுக்கும் கூட்டம் கடைத்தெருவில் முட்டிக்கொண்டிருந்த ஒருநாள், அச்சுகள், கற்கள், குழவிகள் எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனேன். அப்பா ஷிப்ட் முடிந்து பின்னாலேயே வருவதாகச் சொல்லியிருந்தார்.

மேடம் முதலில் நான் காவி அரைத்த கல்லின் அச்சைப் பார்த்தார். எதிர்பார்த்த மாதிரியே கோடு கோடாகக் கீறல். அடுத்துச் சாமைக் கல். மேடெல்லாம் மட்டமாகி, குளித்த பிள்ளை முகம் மாதிரி ஒரு மினுமினுப்பு. கடைசியில் பழைய கல்லை வைத்தார். ரொம்ப நேரம் லென்சைத் திருகித் திருகிப் பார்த்தார். பிறகு எழுந்து நாற்காலியை எனக்கு விட்டார்.

நான் குனிந்து பார்த்தேன். சாமைக் கல்லின் அதே மட்டம், அதே மினுமினுப்பு. அப்பா சில நாள் அரைத்ததை யாரோ வருஷக்கணக்கில் அரைத்திருந்தார்கள். அந்த மினுமினுப்பின் மேலே, அங்கங்கே மட்டும், காவிக் கல்லின் கீறல்கள். மினுமினுப்பை வெட்டிக்கொண்டு போன கீறல்கள். அப்படியென்றால் கீறல் பிறகு வந்தது.

"ரொம்ப காலம் சாப்பாட்டுக்கு அரைச்சிருக்காங்க. கடைசிக் காலத்துல யாரோ அதுலயே காவியையும் அரைச்சிருக்காங்க" என்றார் மேடம். "நீயும் ஜெயிச்சே, அவங்களும் முழுசாத் தோக்கலை. உட்கார்ந்து எழுது."

நான் எழுந்து மொட்டை மாடிக்குப் போய், கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கால் தரையில் பாவவில்லை. ஆலங்குளம் ஒரேயடியாக வெகு தூரத்துக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது.

திரும்பி வந்தபோது மேடம் மறுபடி சாமைக் கல்லின் அச்சில் இருந்தார். பக்கத்தில் அப்பா பிடித்த குழவி.

"அப்பா இடதுகைக்காரரா?" என்று கேட்டார்.

"இல்லையே. ஏன்?"

"இங்கே வா. இந்தப் பக்கம் பார், நல்லா மட்டமாகியிருக்கு. இந்தப் பக்கம் பார், இன்னும் சொரசொரப்புப் போகலை. குழவியும் அப்படித்தான், இடது முனை தேய்ஞ்சிருக்கு, வலது முனை புதுசா இருக்கு. ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் இடது கைதான் அழுத்தியிருக்கு. வலது கை சும்மா கூடப் போயிட்டு வந்திருக்கு." அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மெல்லச் சொன்னார். "அவருக்கு வலது தோள் நல்லா இல்லை."

அத்தனை நாள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரைத்தவன் நான். மாவு ஒட்டிய மீசையைப் பார்த்தேன், தோளைப் பார்க்கவில்லை. 

பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில்

அப்பா மில் உடுப்போடு வந்து சேர்ந்தார். மேடம் அவரை நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார வைத்து இரண்டு அச்சுகளையும் மாற்றி மாற்றிக் காட்டினார். அப்பா ஒரு கண்ணை மட்டும் மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"ரெண்டும் அண்ணன் தம்பி கணக்காத்தான் இருக்கு" என்றார். முகமெல்லாம் பெருமை.

மேடம் அப்பா கையில் பால்கோவாப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். இரண்டு பேரும் தேரடி வழியாக நடந்தோம். நான் அவருக்கு இடது பக்கம் நடந்துகொண்டிருந்தவன் வலது பக்கம் மாறினேன்.

"வலது தோளு எம்புட்டு நாளாப்பா?"

அப்பா நின்றுவிட்டார்.

"யாரு சொன்னா?"

"நீங்க அரைச்ச கல்லு."

"அதுவா? அது அம்புட்டுமா சொல்லும்?"

"சொல்லிருச்சுப்பா."

 பழக்கடை ஓரமாக ஒதுங்கி நின்று சொன்னார்.

"போன வருசம் ஒரு கியர் பெட்டியத் தூக்கும்போது பிடிச்சது. கைய மேல தூக்க முடியல. பெரிய நட்டெல்லாம் ஷிப்டுல கூட இருக்கிறவன்தான் முறுக்கித் தாரான். வெளிய தெரியாமப் பார்த்துக்கிடுதாங்க. எத்தனை நாளைக்குப் பார்த்துக்கிடுவாங்க? நான் வீட்டுல உக்காருறதுக்குள்ள உன்னைய ஒரு வேலையில உக்கார வச்சிரணும்னு நினைச்சேன். அதான் ஆலங்குளம் ஆலங்குளம்னு உசிர வாங்கினேன்."

"நான் போறேம்ப்பா."

"எங்க?"

"ஆலங்குளத்துக்கு."

"எதுக்கு? தீபாவளிக்குள்ள கல்லு பேசிருச்சுலா. பேச்சுன்னா பேச்சுதான்." பால்கோவாப் பொட்டலத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். "மில்லுல ஸ்டோர்ல ஒரு இடம் இருக்கு. உக்காந்து சாமான் எடுத்துக் குடுக்கிற வேலை. கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தேன். ஒரு கல்லே என் மானத்த வாங்கிட்டு, இனி என்ன வெக்கம்? நாளைக்கே போயிக் கேக்கேன்."

 அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். வளர்ந்த பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தது அன்றைக்குத்தான். அவரும் விடுவித்துக்கொள்ளவில்லை.

ராஜபாளையம் பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தவர், திரும்பி என் காதருகே குனிந்தார்.

"உங்கம்மாட்ட மட்டும் அந்தக் கல்லக் காட்டிராதலே" என்றார். "அவளுக்கு லென்சு வேண்டாம்."